கண்ணுக்குள்ள ஒரு நூல்

சிட்டு,

நீ அங்க சுகமா இருக்கணும், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கணும், எனக்கு அது போதும். நான் இருக்கேன். உங்கப்பா போய்ச் சேந்ததுலேருந்து வீடு வெறிச்சுன்னு கிடக்கு. போன்ல பேசினா அழுதுடுவேன்னுதான் எழுதறேன்.

என் வலது கண்ணு விஷயம் சொல்றேன், பதறாதே. கம்பெனில சட்டைக்குப் பிசிறு வெட்டிட்டிருந்தேன், வெள்ளைச் சட்டையில கறுப்பா ஒரு நூல் தொங்குச்சு, வெட்ட வெட்டப் போகல, கடைசில துணியையே வெட்டிட்டேன். சூப்பர்வைசர் வந்து என்னம்மா சட்டைக்கு ஜன்னல் வைக்கறியான்னு கேட்டாரு, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். நூல் சட்டையில இல்லடி, என் கண்ணுக்குள்ள இருந்திருக்கு. டாக்டரம்மா பாத்துட்டு, கண்ணுக்குப் பின்னாடி இருக்கற திரை கிழிஞ்சு, கோட்டுல உள்துணி பிரியற மாதிரி பிரிஞ்சிருக்குன்னாங்க. பெரிய ஆபரேஷன் இல்ல, கிழிசல் ஓரம் ஒட்டிக்கறதுக்கு ஐஸ் மாதிரி உறைய வெச்சு, ஊசியால கண்ணுக்குள்ள ஒரு காத்துக் குமிழி விட்டாங்க, அது மேல எழும்பித் திரையை ஒட்டற வரைக்கும் அழுத்திப் பிடிக்குமாம். முக்காவாசிப் பேருக்கு இதுலயே சரியாயிடும், சில பேருக்குத் திரும்பப் பிரியும், அப்ப பெரிய ஆபரேஷன்தான்னாங்க. குமிழி கிழிசல் மேலயே நிக்கணும், தலையை இடது தோள் பக்கமே சாய்ச்சு வெச்சுக்குங்க, வலப் பக்கம் மட்டும் படுத்துடாதீங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க.

பகல்ல சரியாத்தான் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, யாரு பேசறதைடி ஒட்டுக் கேக்கறன்னு கேலி பண்ணுவா. தூக்கத்துலதான் கெட்டுது. அப்பாவுக்கு மூச்சு வருதா நிக்குதான்னு வருஷக்கணக்கா வலப் பக்கம் திரும்பிக் காது கொடுத்த உடம்பு, அவரு இல்லேன்னு அதுக்குத் தெரியல. முழிக்கறப்ப எல்லாம் அந்தப் பக்கம்தான் கிடந்தேன். இப்ப மூக்கோரமா கீழேருந்து ஒரு நிழல் ஏறுது. இடது கண்ணைப் பொத்திட்டு அப்பா போட்டோவைப் பாத்தேன், நேத்து சட்டைப் பட்டன் தெரியல, இன்னிக்கு வாய் தெரியல.

காலைல அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறா. நீ வேலையை விட்டுட்டு ஓடி வராதே. ஆனா உனக்கும் என்னாட்டம் தடிக் கண்ணாடி, கண்ணுல மின்னல் வெட்டினாலோ நூல் ஆடினாலோ அன்னிக்கே போய்க் காட்டு, மறந்துடாதே. நூறு வயசு நல்ல கண்ணோட இரு தாயி.

உன்னையே நெனச்சிட்டிருக்கற
அம்மா

மடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாத்தேன். உன் பேருக்கு மேல கறுப்பா ஒரு நூல் கிடந்துது. தட்டி விட்டேன், ஊதினேன், போகல. வலது கண்ணைப் பொத்திப் பாத்தேன், அப்பவும் இருக்கு. சிட்டு, நீ வாசல்ல வந்து நிக்கறப்ப உன் முகத்தை நான் பாப்பேனா, இல்ல தடவித்தான் தெரிஞ்சுக்கணுமா?