கழுவிக் கொடுத்த போத்தல்

என் கண்ணை விட்டு அகலாத மகள் புவனாவுக்கு,

உன் மகள் மலருக்கு விருது கிடைத்திருக்கிறது. நோய்க்கிருமியை அதன் மரபணுவை வைத்து அடையாளம் காணும் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை முன்னின்று நடத்துகிறவர்களுக்கு அந்தத் தொழிலில் உள்ளவர்களே தேர்ந்து கொடுப்பதாம். கொழும்பில் மேடையேற்றிக் கொடுத்தார்கள். நம் மஹய்யாவயில் நான் போய்ச் சொல்லாத வீடு இல்லை. "நம்ம மலரா?" என்று கேட்டார்கள். "வேற எந்த மலரு?" என்றேன்.

நீ போகும்போது அவளுக்கு மூன்று வயது. இப்போது டொக்டர். நீ போன பிறகு நாட்டில் மூண்ட சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை, கொழும்புக்குப் போக ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையை நீட்ட வேண்டும்.

பெருமையை மட்டும் சொல்ல இதை எழுதவில்லை. விருதுக்கு முதல் நாள் மாலை, மேடையில் பேசப் போவதை மலர் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். "என் அம்மாவின் சளியைச் சோதித்தவர், மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளியின் மகள்தானே என்று அலட்சியமாக விட்டார். அதனால்தான் அம்மா இறந்தார்" என்று ஓரிடத்தில் வந்தது. அது நான் சொல்லிச் சொல்லி அவளை வளர்த்த கதை. அப்போது நானும் அதை நம்பித்தான் சொன்னேன்.

உனக்கு நினைவிருக்கிறதா? எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரம். உன் இருமலுக்கு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் காலைச் சளியை மூன்று போத்தலில் கேட்டார்கள். முதல் போத்தலைக் கொடுத்த அன்றே ஊரடங்கு வந்தது. பிறகு தமிழர் கடையை எரிக்கிறார்கள், ஆளை அடிக்கிறார்கள் என்று கதவைத் திறக்கவே பயம். அந்த ஒரு போத்தலை நான் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தேன். ஊரின் கக்கூசும் சாக்கடைக் கானும் கழுவும் குடும்பம் என்று மூக்கைப் பொத்துகிறவர்கள் நம்முடைய போத்தலை முகம் சுளிக்காமல் வாங்க வேண்டும் என்றுதான். வாசம் நிற்கட்டும் என்று அடியில் கொஞ்சம் விட்டும் வைத்தேன். "சளியத்தானேம்மா துப்பப் போறேன், பன்னீரா?" என்று நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகிவிட்டது.

பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் வைத்துப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். மருந்து தொடங்கவில்லை. உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த ஆய்வுகூடத்து ஐயா சொல்லி அனுப்பினார்: ஒன்றும் முளைக்கவில்லை, ஒரு போத்தல் போதாது, இன்னொன்று கொண்டு வாருங்கள் என்று. அவர் மீதுதான் அத்தனை பழியையும் போட்டேன். அடுத்த வருஷம் உன் அப்பாவுக்கும் அதே இருமல் வந்து, காசநோய் என்று உடனே கண்டுபிடித்தபோது என் கோபம் இன்னும் கூடியது.

போன வருஷம்தான் மலர் தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உயிரோட இருக்கிற கிருமிதான் வளரும் அம்மாயி. பினாயில் பட்டா செத்துரும். எங்க முறையில செத்த கிருமியும் தப்பாது." நான் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

கொழும்புப் பாதையில் ஒரு சாவடியில் வேனை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நிற்கும்போது சொன்னேன்.

"மலரு, அந்த ஐயாவப் பத்திப் பேசாத. போத்தல பினாயில் போட்டுக் கழுவினது நான்."

அவள் அட்டையை நீட்டினாள், வாங்கினாள். வேனில் ஏறிய பிறகுதான் கேட்டாள்.

"எப்ப இருந்து தெரியும்?"

"போன வருஷம் நீ சொன்னதுல இருந்து."

"ஒரு வருஷமா சும்மா இருந்தீங்களா?"

பையிலிருந்து பேச்சு எழுதிய தாளை எடுத்து, பேனாவால் ஒரு பத்தி முழுவதையும் அடித்தாள். மேடையில் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பேசிவிட்டு இறங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என்ன முகத்தோடு தட்டினேனோ.

ஒரு வாரம் மலர் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு வெள்ளைத் தாளோடு வந்து நின்றாள்.

"தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து வர்ற சளிப் போத்தல்ல சவுக்கார வாசம் அடிக்குது அம்மாயி. ஏன்னு நாங்க கேட்டதே இல்ல. போத்தலோட ஒரு துண்டுத் தாளும் குடுக்கணும். நீங்க எழுதுங்க."

"டொக்டர் நீ இருக்க, நான் எழுதவா?"

"நான் எழுதினா மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும். யாரும் படிக்க மாட்டாங்க."

ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதினேன். 'இந்தப் போத்தல் சுத்தமானது. கழுவ வேண்டாம். உங்களை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.'

மூன்றாவது வரியில் அவள் கண் நின்றுவிட்டது. "அத எடுத்துரவா?" என்றேன். "இருக்கட்டும்" என்றாள். அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். மன்னித்துவிட்டாளா? கேட்க எனக்குத் துணிவில்லை. நீ மன்னித்தாயா?

அந்த மூன்றாவது வரி பொய்யாகக் கூடாது, மகளே. இனி கிளினிக் நாளெல்லாம், போத்தல் வாங்கும் சன்னலுக்குப் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன். மலரிடம் சொல்லிவிட்டேன். முகம் சுளிக்கிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கட்டும். கால் நடக்கிற வரைக்கும் போவேன்.

மலரின் அம்மாயி,
உன் அம்மா