கியோட்டோவில் கண் திறந்தவள்

கியோட்டோ, ஜப்பான்
12-6-1948

பிரியமுள்ள ராஜபாய்க்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். பட்டாளத்தை விட்ட பிறகு கோபேயில் சிந்தி வியாபாரி ஒருவரிடம் இருந்தேன் அல்லவா, அதையும் விட்டுவிட்டேன். இப்போது ஒரு சினிமா ஸ்டூடியோவில் விளக்கு வேலை. டைரக்டர் ஹயாசே ஐயாவுக்கு இந்த நாட்டில் பெரிய பேர். யுத்தத்துக்கு முன்னால் சிரிப்புப் படங்களாக எடுத்துத் தள்ளியவர். குண்டு விழுந்து வீடு எரிந்ததில் மனைவியும் மகனும் போய்விட்டார்கள். பையனுடைய போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்கப்புறம் அவர் படத்தில் யாரும் சிரிப்பதில்லை என்கிறார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். புதிதாக வேலைக்குச் சேருகிறவனை உட்கார வைத்து, "உன் வீட்டில் செத்தது யார்? சொல்" என்பார். அதிலிருந்துதான் அவருக்குப் படம் பிறக்கும். நான் நம் மகள் லீமாவைச் சொன்னேன். சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? நான் பட்டாளத்துக்குப் போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை. அடக்கத்தன்று எடுத்த போட்டோவை அனுப்புவாயா? வளர்ந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. அவருக்கும் காட்ட வேண்டும்.

உன்
ஜான்ரோஸ்


தக்கலை, தென் திருவிதாங்கூர்
30-8-1948

அன்புள்ள அத்தானுக்கு,

போட்டோவை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். நம் ஆட்கள் வழக்கப்படி பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, சுற்றி எல்லோரும் நின்று எடுத்தது. தலைமாட்டில் நிற்பது நான். காய்ச்சலோடு நின்ற கோலம், அடையாளம் தெரியாது. உயிரோடு இருக்கும்போது பிள்ளையைப் படம் எடுக்க நமக்குத் தோன்றவில்லை. இது ஒன்றுதான் உண்டு. படம் எடுத்த ஏசுஅடிமை, மறுபடி பிரதி போட வைத்திருந்த கண்ணாடித் தகடும் உடைந்து போயிற்று. தபாலில் திருப்பி அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுவர வேண்டும்.

மார்த்தாண்டத்தில் சினிமாக் கொட்டகை கட்டுகிறார்கள். மின்சார வேலை தெரிந்தவர் தேவையாம். விளக்குப் பிடிப்பதற்கு ஜப்பான் வரைக்கும் போக வேண்டுமா? அண்ணன் செல்வதாஸ் நேற்று கோயில் வாசலில் அத்தனை பேர் முன்னால், "ஏட்டி, மாப்பிள இனி வருவாரா, இல்ல அங்கயே ஒருத்திய கெட்டிக்கிட்டாரா?" என்று கேட்டான். சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

உங்கள்
ராஜபாய்


கியோட்டோ
3-11-1950

பிரியமுள்ள ராஜபாய்க்கு,

கோபித்துக்கொள்ளாதே. இந்தப் படம் முடிந்ததும் கப்பல் ஏறுகிறேன், சத்தியம். இது நம் பிள்ளையின் படம். ஹயாசே ஐயா லீமாவின் போட்டோவைத் தன் மேசையில் நிறுத்தி வைத்திருக்கிறார். காலையில் வந்ததும் அதைப் பார்த்துத்தான் தேநீர் குடிக்கிறார். நெசவாளர் தெருவிலிருந்து ஒரு சிறு பெண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார். முகவாய் அப்படியே லீமாதான். ஆனால் போட்டோவில் கண் மூடியிருக்கிறது. "திறந்தால் எப்படி இருக்கும்? எப்படி ஓடுவாள்? எப்படிக் கூப்பிடுவாள்? அது தெரியாமல் கேமராவைத் தொட மாட்டேன்" என்று இருக்கிறார். எனக்கும் தெரியவில்லை. ஒன்று விடாமல் எழுது.

உன்
ஜான்ரோஸ்


தக்கலை
19-2-1951

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். அப்புறம் எழுத உட்கார்ந்தேன்.

வெயிலில் வந்தால் இடது கண்ணை மட்டும் மூடிக்கொள்வாள். நேராக ஓட மாட்டாள், ஒரு பக்கம் சாய்ந்து ஓடுவாள், விழமாட்டாள். பத்மநாபபுரத்தில் ராஜாவின் கொட்டாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பளபளக்கிற கறுப்புத் தரையில் தன் நிழலைப் பார்த்துக் குப்புறப் படுத்துவிட்டாள். "எம்மா, இஞ்ச பாரு, உள்ள ஒரு பிள்ள கெடக்கு" என்றாள். கிளப்ப முடியவில்லை. பொய்க் கோபம் வந்தால் மூக்கு மட்டும் சுருங்கும், கண் சிரித்துக்கொண்டே இருக்கும்.

எழுதிய நேரமெல்லாம் அவள் வீட்டில் இருந்தாள் அத்தான். உலை வைக்கும்போது பின்னால் வந்து நின்றாள். பயமாக இல்லை. இன்னும் கேளுங்கள், எழுதுகிறேன்.

உங்கள்
ராஜபாய்


கியோட்டோ
8-1-1952

என் ராஜபாய்க்கு,

படத்துக்கு ஐரோப்பாவில் பரிசு கிடைத்திருக்கிறது. பத்திரிகையெல்லாம் ஹயாசே ஐயாவின் முகம்தான். அடுத்த மாதம் மதராஸிலும் காட்டுகிறார்களாம், அண்ணனைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் போ.

அந்தக் காட்சியை எடுத்த அன்று நான் மேலே பரணில் பெரிய விளக்கைப் பிடித்திருந்தேன். பிள்ளை பெட்டிக்குள் கண்மூடிக் கிடந்தாள், போட்டோவில் கிடப்பதுபோலவே. ஐயா கையை அசைத்தார். அவள் கண்ணைத் திறந்து, இடது கண்ணை மட்டும் மூடி, என் விளக்கைப் பார்த்தாள். நான் "லீமா" என்று கத்திவிட்டேன். இன்னொரு டைரக்டராக இருந்தால் என்னை வெளியே தள்ளியிருப்பார். இவர் அழுதார். நான் என் பிள்ளையைப் பார்த்துவிட்டேன், ராஜபாய். இனி எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த படத்துக்கும் இருக்கச் சொல்கிறார். தட்ட முடியவில்லை.

உன்
ஜான்ரோஸ்


தக்கலை
16-3-1952

லீமாவின் அப்பாவுக்கு,

மதராஸ் போய்ப் பார்த்தேன். நான் எழுதியதையெல்லாம் அந்தப் பிள்ளை செய்தது. சாய்ந்து ஓடியது. மூக்கைச் சுருக்கியது. அவர்கள் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டது எனக்குப் புரிந்தது. உங்கள் ஐயா கெட்டிக்காரர்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஊருக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு லீமாவைக் கூப்பிட்டேன். வந்தது அந்தப் பிள்ளை. ஜெபம் பண்ணும்போதும் அதுதான் வருகிறது. கொட்டாரத்தின் கறுப்புத் தரையில் குப்புறக் கிடக்கிறதும் அதுதான். என் பிள்ளையின் முகம் என்னிடத்தில் இல்லை. உங்களுக்கு ஒரு முகம் கிடைத்தது, எனக்கு இருந்தது போயிற்று.

போட்டோவை உடனே அனுப்புங்கள். தபாலிலேயே அனுப்புங்கள். கண் மூடியிருந்தாலும் அது அவள்தான்.

ராஜபாய்


கியோட்டோ
21-8-1956

அன்புள்ள ராஜபாய்க்கு,

நீ எழுதிய போதெல்லாம் ஹயாசே ஐயாவிடம் போட்டோவைக் கேட்டேன். "இந்த ஒரு படம் மட்டும் எடுத்து முடிக்கிறேன்" என்பார். அப்படியே படங்கள் வந்தன, பரிசுகள் வந்தன. கடைசிவரை தன் மகனை மட்டும் அவர் படத்தில் கொண்டுவரவே இல்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டாள், என் பையன் திறக்கவே மாட்டேன் என்கிறான்" என்றார். போன மாதம் இறந்துபோனார்.

இங்கே பெட்டியோடு எரிப்பார்கள். இறந்தவர் தினமும் பார்த்த பொருளைக் கூடவே வைப்பது இவர்கள் வழக்கம். உதவியாளர்கள் மேசையிலிருந்த லீமாவின் போட்டோவை அவர் நெஞ்சின் மேல் வைத்துவிட்டார்கள், அன்பினால்தான். நான் வாசலில் வந்தவர்களுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள்.

எனக்கு இனி இங்கே ஒருவரும் இல்லை. நான் வரலாமா?

ஜான்ரோஸ்


தக்கலை, கன்னியாகுமரி ஜில்லா
9-11-1956

லீமாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. அதற்குள் ஜில்லாவே மதராஸோடு சேர்ந்துவிட்டது, தெருவெல்லாம் ஊர்வலம்.

பிள்ளை இரண்டு தடவை பெட்டிக்குள் போயிருக்கிறாள். முதல் தடவை நீங்கள் இல்லை. இரண்டாம் தடவை நான் இல்லை.

இத்தனை வருஷமாக அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. இனிக் கேட்கவும் வேண்டாம்.

ஆனாலும் வாருங்கள். அவள் உங்கள் சாயல் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். உங்களை எதிரே உட்கார வைத்து நான் பார்க்க வேண்டும். மீசை வைத்திருந்தால் எடுத்துவிட்டு வாருங்கள்.

ராஜபாய்