அதிகாரி வீட்டுக் கொடி

அன்புள்ள செல்லத்துக்கு,

நான் நலம், இந்த முறை பொய் இல்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

உன்னை இங்கே அழைத்துவர அனுமதி கேட்டேன் அல்லவா? "வெளியில இருந்து வந்ததெல்லாம் இங்க வேர் விட்டுட்டா தீவு என்னய்யா ஆகும்?" என்று அதிகாரி எல்லோர் முன்னாலும் சிரித்தான். அன்றைக்கே மனதுக்குள் கருவிக்கொண்டேன்.

எங்கள் வேலை உனக்குத் தெரியுமே. யாரோ அழகுக்காகக் கொண்டுவந்த கொடி ஒன்று இந்தத் தீவின் சொந்த மரங்களை மூடிக் கொல்கிறது. அது யார் வீட்டில் இருந்தாலும் நாங்கள் தோண்டி எடுக்கலாம். நேற்றுப் போனால், அதிகாரி வீட்டு வாசல் பந்தலிலேயே ஊதாப் பூவாகப் பூத்துக் குலுங்குகிறது! அவன் மாமியார் ஆசையாக வைத்ததாம்.

மண்வெட்டியை எடுத்தேன். பந்தலே சரிந்தது. என் கையில் சின்னக் கீறல்தான், பயப்படாதே.

"இத மட்டும் விட்டுடேன்யா" என்று கெஞ்சினான்.

"வெளியில இருந்து வந்தது சார், வேர் விட்டுடும்" என்றேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

உன் பழைய சேலை ஒன்றை அனுப்பு. போர்வை இருக்கிறது, ஆனாலும் அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். ஒன்று சொல்ல மறந்தேன். அந்தக் கொடியின் கிழங்கில் ஒரு துண்டு மிஞ்சினாலும் மழைக்கு மறுபடி முளைக்கும். வேண்டுமென்றே ஒரு துண்டை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவன் வாசலை நான் இன்னொரு முறை தோண்ட வேண்டாமா?

உன்னவன்