நான்கு மூலைச் சக்கரங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் கருவி அறையின் இடுக்கில் ஆளுயர அலமாரிகளைத் திருப்பவே முடியாது. நான்கு மூலைகளிலும் எல்லாப் பக்கமும் சுழலும் சக்கரம் வைத்தால் பக்கவாட்டில் நகர்த்தலாம் என்று கூட வேலை செய்யும் அறைத்தோழியிடம் மட்டும்தான் சொன்னேன். நேற்று அவள் அப்படியே மாட்டி, மேலாளர் முன் தன் யோசனையாகத் தள்ளிக் காட்டினாள்.

"இப்படித் தள்ளணும், புரியுதாடி?" என்று எனக்கே பாடம் வேறு. சக்கரத்தின் பிரேக்கைப் போட மறந்ததால் வாசல் சரிவில் அலமாரி அவள் மேலேயே உருண்டு வந்தது. நான்தான் காலால் பிரேக்கை அழுத்தினேன்.

"பொழச்சேன்டி" என்றாள் காதோரம். கைதட்டல் அவளுக்கு. நான் காத்திருந்த குழுத்தலைவி பதவியும் அவளுக்கே. கவலைப்படாதே, வேலை இருக்கிறது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால், ஒருவருக்கு மட்டும் சமைக்கிற சின்னக் குக்கர் ஒன்று கொடுத்தனுப்பு. வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன் மகள்