பத்தொன்பது சுற்று

என் அருமை மைமூன் மதினிக்கு,

உங்களுக்கு எழுத்து வராது. சினிமாக் கொட்டகை வாசலில் வாங்கும் பாட்டுப் புத்தகத்தை நான் படிப்பேன், நீங்கள் கேட்டுப் பாடம் பண்ணிக்கொள்வீர்கள். அதனால் இந்தக் கடிதத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புகையிலைக் கிட்டங்கிக்கு லீவு. பக்கத்து வீட்டுக்காரி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டாள். பாக்கியத்துக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன.

முதலில் நல்ல சேதி. உங்கள் மகள், நம் ஃபரீதாவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளைக்குப் பழனி. ஜவுளிக்கடையில் இருக்கிறார், அடக்கமான பையன். முன்நெற்றி மட்டும் கொஞ்சம் அகலமாகிக்கொண்டு வருகிறது. நீங்கள் இருந்திருந்தால் அதற்கு ஒரு பட்டப்பேர் வைத்து, கல்யாணத்துக்குள் தெருவெல்லாம் பரப்பியிருப்பீர்கள். வியாழக்கிழமை மத்தியானம் பொண்ணுக்கு மருதாணி. ஆம்பளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோமே, அந்த மத்தியானம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே என்னைக் கூப்பிட வந்தாள். கையில் உங்கள் கிராமபோன் பெட்டி, உங்கள் பழைய வெள்ளைத் துப்பட்டியில் சுற்றியபடி. "அம்மா இத உங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லுச்சு அத்தே. அத்தா இம்புட்டு நாளும் பரண்ல வச்சிருந்தாரு" என்றாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் பேசிக்கொண்டே போனாள்.

"என் மருதாணிக்கு ஆடுறேன்னு அம்மாட்ட வாக்குக் குடுத்திருக்கீக, ஞாபகம் இருக்குல்ல? மாப்ள வீட்டுல கரண்டு பிளேயர் கொண்டாராக. ஒங்கட்ட இருக்குற அந்தப் பாட்டுப் பிளேட்ட அதுல போட்டுக்கலாம். சுத்தவே வேணாம் அத்தே, நிக்காம ஓடும்."

நிற்காமல் ஓடும் என்றதும், பார்ப்போம் தாயி என்று மழுப்பி அனுப்பினேன். வாக்குக் கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்கிறவள் ஒரு மனுஷியா? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் எனக்குப் பயம் மதினி. அதை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேறு ஆள் இல்லை.

கொழும்புக்குப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் நின்றுபோய் மூன்றாம் வருஷம் அது. வாரத்தில் ஆறு நாள் கிட்டங்கியில் புகையிலை தரம் பிரிப்பேன். ஏழாம் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள்தான் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டூரிங் கொட்டகைக்குப் போனீர்கள். அந்தப் படத்தில் அரண்மனைக்குள் ஒருத்தி வந்து, தோளை ஆட்டாமல் தலையை ஆட்டாமல் இடுப்பையும் வயிற்றையும் மட்டும் தனியாக ஆட்டினாள். மணல்தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அடுப்படியில் அதைச் செய்து காட்டினேன். நீங்கள் வெங்காயம் உரிப்பதை விட்டுவிட்டு, "ஏண்டி பாக்கியம், ஒனக்கு எலும்பே கெடையாதா?" என்றீர்கள். அன்றைக்குத்தான் நான் மூன்று வருஷத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

அந்தப் பாட்டின் பிளேட்டு உங்கள் தம்பி மூலமாக வந்தது. பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கும் உங்கள் வீட்டுக்காரர், நான் வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிடுகிறவர், என்னத்துக்கு என்று கேட்காமல், கழித்துப் போட்ட சாவிகளை மடி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கோத்து நீங்கள் எனக்கு ஒட்டியாணம் தைத்தீர்கள். நம் தெருவில் ஒரு சடங்கு வீட்டில் முதல் ஆட்டம். வரி கேட்க வந்த ஆபீசர் மாதிரி மீசை, கோட்டு, தலைப்பாகையோடு நான் நுழைந்தேன். பொம்பளைகள் அலறிவிட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தேன். கோட்டுக்குள் ஒரு கோட்டு, அதற்குள் ஒரு சட்டை, வேட்டிக்குள் ஒரு வேட்டி. "போதும்டி, போதும்டி" என்று கிழவிகள் கண்ணைப் பொத்திக்கொண்டு விரல் இடுக்கில் பார்த்தார்கள். கடைசியில் பார்த்தால் கழுத்து வரை ரவிக்கையும் கணுக்கால் வரை பாவாடையும்! நாலு விரல்கடை வயிறு தெரிந்தது, அவ்வளவுதான். இடுப்பில் சாவிகள் குலுங்கியதும் ஒருத்தி கத்தினாள்: "எந்தப் பூட்டத் தொறக்கடி இம்புட்டுச் சாவி?" அதற்கு நீங்கள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அப்படி எட்டு வருஷம். சடங்கு, வளைகாப்பு, மருதாணி என்று மாதத்துக்கு ஒரு மத்தியானம். கதவுக்கு உள்ளே என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தவர்கள், மறுநாள் சந்தையில் என்னைக் கண்டால் வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பதில் மும்முரமாகிவிடுவார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். "விடு, அவளுகளுக்கு வீட்டுல புருசன் இருக்கான், மாமியா இருக்கா. ஒனக்கு நான் இருக்கேன்ல" என்பீர்கள். அப்போது அது எனக்குப் பெரிய வார்த்தையாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நமக்குள் சண்டை. பாட்டு முக்கால்வாசி ஓடியதும் உங்கள் பெட்டி தள்ளாடும். பாடுகிறவள் திடீரென்று ஆம்பளைக் குரலில் இழுப்பாள். நானும் வேறு வழியில்லாமல் அதற்கு ஏற்ப ஆட்டத்தை இழுத்து, கண்ணைச் செருகி, தூங்கி விழுகிற மாதிரி வயிற்றை மட்டும் மெதுவாக உருட்டுவேன். கூட்டம் உருண்டு புரண்டு சிரிக்கும். நீங்கள் நிதானமாக எழுந்து பெட்டியின் சாவியை முறுக்குவீர்கள். பாட்டு வேகம் பிடிக்கும், நானும் வேகம் பிடித்து முடிப்பேன். சிரிப்பு வந்தது நிஜம்தான். ஆனாலும் எனக்கு அது பொறுக்காது. "முதல்லயே முழுசா முறுக்குனா என்னவாம்?" என்று திரும்பி வருகிற குதிரைவண்டியில் ஆரம்பித்து, வீடு வரை விடமாட்டேன்.

"மிஷினு பழசுடி. ஸ்பிரிங்கு செத்துப்போச்சு. நா என்ன செய்ய?" என்பீர்கள். நானே முறுக்குகிறேன் என்று கை வைத்தால், "தொடாத, அத்துரும்" என்று தட்டிவிடுவீர்கள். முறுக்கும்போது உங்கள் உதடு அசையும். ஏதோ ஓதுகிறீர்கள் என்று நானும் பேசாமல் இருந்துவிடுவேன்.

கடைசியாகத் தாடிக்கொம்பில் அந்த வளைகாப்பு. அன்றைக்கு இரண்டு தடவை இழுத்தது. எனக்குக் கோபம் தலைக்கேறி, அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "கையில தெம்பு இல்லேன்னா சொல்லிருங்க மதினி. நா வேற ஆளப் பாத்துக்கிறேன்." நீங்கள் சிரித்தீர்கள். வண்டியில் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பதினெட்டாம் நாள் போய்விட்டீர்கள்.

அன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வத்தலக்குண்டிலிருந்து வந்த உங்கள் சொந்தக்காரம்மா ஒருவர் என்னைப் பார்த்து, "மௌத்தானவுகளுக்கு நீ யாரும்மா?" என்று கேட்டார். அவர் பக்கத்தில் தாடிக்கொம்புப் பெண்கள் இரண்டு பேர். அந்த ஆட்டக்காரி என்று சொல்லிவிடுவார்களோ, உங்கள் பேருக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று ஒரு கணம் நடுங்கினேன். "யாருமில்லீங்க. தண்ணி எடுத்துக் குடுக்க வந்தேன்" என்றேன். சரி, கொல்லைப்பக்கம் போ என்றார். போனேன். உங்கள் முகத்தைக் காட்டக் கூப்பிட்டபோது நான் குடத்தோடு கிணற்றடியில் நின்றேன். அந்த நாக்கை என்ன செய்தால் தகும்?

நாலு மாதம் கழித்துப் பழனி ரோட்டில் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். அங்கே கரண்டு பிளேயர். பாட்டு கொஞ்சமும் தளரவில்லை. முக்கால்வாசியில் எனக்கு இளைப்பு வந்துவிட்டது. கிட்டங்கித் தூசி நெஞ்சில் ஏறி எத்தனையோ வருஷமாகிறது. தெரிந்தால் ஆடக் கூப்பிடமாட்டார்கள் என்று யாரிடமும் மூச்சு விட்டதில்லை. உங்களிடம்கூட. கால் பிசகிவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். "அக்காவுக்கு வயசாயிருச்சுல்ல" என்று ஒரு சின்னப் பெண் தண்ணீர் கொடுத்தாள். அதோடு சாவி ஒட்டியாணத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். வீடு, கிட்டங்கி, வீடு. ஒரு வருஷமாக அதுதான் மதினி.

எனக்குள் ஒரு கேள்வி மட்டும் இருந்தது. எட்டு வருஷம் ஒருநாள்கூட நடுவில் உட்காராத எனக்கு, நீங்கள் போன நாலே மாதத்தில் எப்படி வயசாகும்?

போன ஞாயிறு ஃபரீதா போன பிறகு பெட்டியைத் திறந்தேன். ஸ்பிரிங் அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும் என்று முறுக்கினேன். ஐம்பது சுற்றுக்கு மேல் போயிற்று, ஒன்றும் அறுபடவில்லை. பிளேட்டைப் போட்டேன். இழுக்கிற இடம் வந்தது. இழுக்கவில்லை. பாட்டு தெளிவாக ஓடி முடிந்தது. மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். அப்போதும் இழுக்கவில்லை.

தானாக ஓடி நிற்கும்வரை விட்டு, முப்பது சுற்று வைத்துப் பார்த்தேன். ஓடியது. இருபத்தைந்து வைத்தேன். பாட்டு முடிகிற இடத்தில் லேசாகத் தளர்ந்தது. குறைத்துக் குறைத்துப் பத்தொன்பதுக்கு வந்தேன். பத்தொன்பது சுற்றில், எட்டு வருஷமாக எந்த இடத்தில் இழுத்ததோ, அதே வரியில், அதே சொல்லில் இழுத்தது.

நீங்கள் ஓதவில்லை. எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

என் இளைப்பை என்றைக்குத் தெரிந்துகொண்டீர்கள்? சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரிக்கிற மாதிரி நடித்து மூச்சு வாங்கினேனே, அன்றைக்கா? வண்டியில் என் முதுகில் கை வைத்துக்கொண்டே வருவீர்களே, அப்போதா? தாடிக்கொம்பில் இரண்டு தடவை இழுத்தது, அன்றைக்கு எனக்கு இளைப்பு அதிகம் என்று பார்த்ததாலா? காய்ச்சலோடு உட்கார்ந்து எனக்கு மூச்சு எண்ணிக்கொண்டிருந்தவரையா, கையில் தெம்பு இல்லை என்று நான் சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மதினி? சொன்னால் நான் சிலிர்த்துக்கொண்டு, எனக்கு ஒன்றுமில்லை என்று ஆடி ஒழிந்திருப்பேன். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

அன்று பொழுது சாய்கிற வரை அழுதேன்.

முந்தாநாள் ஃபரீதாவைப் பார்க்கப் போனேன். முதல்முறையாக ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொன்னேன். "எனக்கு இளைப்பு இருக்கு தாயி. அந்த நிக்காம ஓடுற பெட்டியில என்னால ஆட முடியாது. ஒங்கம்மா பெட்டியிலதான் ஆடுவேன்." பத்தொன்பது சுற்றையும் சொன்னேன். "எட்டு வருசமாவா? எங்கிட்டகூட அம்மா மூச்சு விடல அத்தே" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சின்னம்மா மகள முறுக்கச் சொல்லட்டா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது.

வியாழக்கிழமை சாவி ஒட்டியாணத்தைக் கட்டிக்கொண்டு வருவேன் மதினி. பத்தொன்பது எண்ணி நானே முறுக்குவேன். பாட்டு தளர்ந்து இழுக்கும்போது, ஆடிக்கொண்டே மெதுவாகப் பெட்டியிடம் நடந்து போவேன். அங்கே நின்று, எல்லாரும் பார்க்க, மூச்சு வாங்கிக்கொள்வேன். சுவர்ப்பக்கம் திரும்பமாட்டேன். பிறகு முறுக்கிவிட்டு, மிச்சத்தை ஆடி முடிப்பேன். பக்கத்தில் நீங்கள் உட்காருகிற பலகை காலியாகக் கிடக்கும். அதைப் பார்க்காமல் ஆட என்னால் ஆகுமா தெரியவில்லை. ஆனால் ஆடி முடிப்பேன். இது வாக்கு.

வத்தலக்குண்டு அம்மாவும் வருகிறார்களாம். சாவியும் கையுமாக நிற்கிற என்னைப் பார்த்து, நீ யாரும்மா என்று அவர் மறுபடி கேட்பார். அன்றைக்கு யாருமில்லை என்று சொன்ன அதே வாயால் இந்தத் தடவை பதில் சொல்வேன். தடுமாறாமல் இருக்க இப்போதே இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பொண்ணுக்கு அத்தை,
மைமூனுக்கு நாத்தனார்,
பாக்கியம்