ஜிம்மியைக் கட்டிப்போடாத காலைகள்

அக்கா,

இஸ்திரி போடுகிறவர் இன்று காலை என் சட்டையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னா சார், பாக்கெட்டெல்லாம் கருவாடு நாறுது. தொவச்சிட்டுத்தான் குடுத்தீங்களா?" என்று கேட்டார். துவைத்துத்தான் கொடுத்திருந்தேன். நெத்திலிக் கருவாட்டை வறுத்து, ஒடித்து, பையில் போட்டுக்கொண்டு தினமும் ஏரிக்கரைக்குப் போகிறவன் சட்டை எத்தனை தண்ணீர் கண்டாலும் அப்படித்தான் இருக்கும். பள்ளிக்கூட ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். வீட்டில் சொல்ல ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

பூரியை நீ கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறது. டயாலிசிஸ் முடிந்து பாகூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருந்தோம். உன்னைக் கடை வாசலில் உட்காரவைத்துவிட்டு ஆட்டோ பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் உன் மடியில் ஒரு குட்டி நாய், அதன் வாயில் எனக்கு வாங்கிய பார்சலில் இருந்த பூரி. அதுவே அதன் பெயரும் ஆகிவிட்டது. எனக்குக் கோபம். உன் உடம்பு இருக்கிற இருப்பில் இது தேவையா, வீட்டில்தான் ஜிம்மி இருக்கிறதே என்றேன்.

"ஜிம்மிக்கு ஒம்போது வயசாவுதுடா. அது எனக்கு வந்த நாயி. இது உனக்கு" என்றாய்.

ஆட்டோக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏன் எனக்கு ஒரு நாய் வேண்டும் என்று நினைத்தாய் என்பது எனக்கு அந்த ஆட்டோவிலேயே புரிந்துவிட்டது.

மாமா இறந்துபோய், நீ இருபத்தெட்டு வயதில் நம் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது எனக்கு இருபத்திரண்டு. அதற்குப் பிறகு எனக்குப் பெண் பார்த்தார்கள், ஒன்றும் அமையவில்லை, அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு நீயும் நானும்தான். நீ மில்லுக்குப் போனாய், நான் பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போனேன். என் சட்டைத் துணியை நீதான் எடுத்தாய். முடி வெட்டிக்கொள்ளும் நாளை நீதான் சொன்னாய். ஐம்பது வயதுக்காரனுக்கு கேஸ் சிலிண்டர் பதிவு செய்யத் தெரியாது என்றால் வெளியில் சொல்ல முடியுமா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டிய நிலைமை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

பூரி வந்த மறுநாளே பாடத்தை ஆரம்பித்துவிட்டாய். குட்டியைப் பெரிய நாயோடு சேர்த்துப் பழக்கக் கூடாது என்பது உன் முதல் கட்டளை. "பெருசு போற பக்கம் போவும், பெருசு நின்னா நிக்கும். நீன்னு ஒருத்தன் இருக்கறதே அதுக்குத் தெரியாது. தனியா இட்டுக்கினு போ" என்றாய். என்னை ஜிம்மியோடு கடைவரைக்கும் அனுப்பிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாய். நாங்கள் திரும்பி வரும்போது பூரி உன் காலடியில் உட்கார்ந்து கருவாடு தின்றுகொண்டிருந்தது. எத்தனை தடவை கூப்பிட்டாய் என்று கேட்டேன்.

"ஒரு தடவதான். பத்து தடவ கூப்ட்டா, பத்தாவது தடவதான் தன் பேருன்னு நெனச்சிக்கும். ஒரு தடவ கூப்டு, அப்பறம் வாய மூடிக்கினு நில்லு. வர்ற வரைக்கும் நில்லு."

என் குரல் அதற்குக் கேட்காது என்றேன். நீ மில் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவள், உன் குரல் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கும். "உன் கொரலு உனக்கே கேக்காது, அது வேற விஷயம்" என்று சிரித்தாய். பிறகு சிரிக்காமல் சொன்னாய்: "நீதான் என் பின்னாடியே வளந்துட்ட. இதாவது தனியா கத்துக்கட்டும்."

நீ யாரையும் புண்படுத்தச் சொல்கிறவள் இல்லை. ஆனால் அது என்னைப் புண்படுத்தியது. உண்மை என்பதால் இன்னும் அதிகமாக.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நீ உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தாய். ஜிம்மியைக் கொல்லையில் கட்டிவிட்டுக் குட்டியை மட்டும் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்காகவே ஒரு சங்கிலி வாங்கிவரச் சொல்லியிருந்தாய். ஒன்பது வருஷத்தில் ஜிம்மி கட்டிக் கிடந்ததே இல்லை. சங்கிலியைக் கையில் எடுத்தேன். ஜிம்மி என் முகத்தைப் பார்த்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நீ இல்லாமல் இருக்க என்னைப் பழக்குகிறாய், நான் பழகமாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இந்த வயதில் அப்படி ஒரு வீம்பு. சங்கிலியைக் கொல்லைத் தூணிலேயே மாட்டிவிட்டு, இரண்டு நாயையும் கூட்டிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகப் போனேன்.

கரையில் மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு "பூரி" என்று கூப்பிடுவேன். ஜிம்மி வரும். ஜிம்மிக்குப் பின்னால் பூரி வரும். இரண்டுக்கும் ஆளுக்குப் பாதி கருவாடு. அவ்வளவுதான் என் பயிற்சி. வீட்டுக்கு வந்ததும் நீ கட்டிலில் இருந்தபடியே கேட்பாய்.

"வந்துச்சா?"

"வந்துச்சிக்கா."

"ஒரு தடவ கூப்ட்டதுமா?"

"ஆமாக்கா."

நீ தலையை ஆட்டிக்கொள்வாய். உனக்கு அளந்து வைத்த தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாய். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. ஒரு நாள் தவறாமல் நீ கேட்டாய், ஒரு நாள் தவறாமல் நான் பொய் சொன்னேன். உன்னைச் சந்தோஷமாக வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு நினைப்பு வேறு.

கடைசி நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "வுட்டுடாதடா, பழக்கு" என்றாய். அதற்கும் சரி என்றேன். மத்தியானம் மெஷினில் இருக்கும்போதே உன் இதயம் நின்றுவிட்டது.

உன் கருமாதி அன்று வீடு நிறையச் சனம். ஜிம்மி உன் கட்டிலுக்கு அடியைவிட்டு வெளியே வரவே இல்லை. சமையல்காரர் யாரோ அதட்டியதில் பூரி மிரண்டு ரோட்டுக்கு ஓடியது. நான் பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டேன். இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். ஒரே ஒரு முறை திரும்பி, யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நீ எனக்கென்று கொடுத்தது அது ஒன்றுதான், அதையும் தொலைத்தேன். மறுநாள் சாயங்காலம்தான் பக்கத்து ஊர்ச் செங்கல் சூளையில் கிடைத்தது. அங்கே வேலை செய்கிற அம்மாள் அதைப் பிடித்துக் கட்டி, சோறு வைத்திருந்தார். "கூப்ட்டா வராதா சார் இது? யாரு வளத்த நாயி?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்லவும் வெட்கம், இல்லை என்று சொல்லவும் வெட்கம்.

அடுத்த நாள் காலை முதல் முறையாக ஜிம்மியைக் கட்டினேன்.

கொல்லைக் கதவைத் தாண்டியதும் அது ஆரம்பித்தது. அப்படி ஒரு ஊளையை நான் கேட்டதில்லை. ஏரிக்கரைக்குப் பாதி தூரம் போன பிறகும் கேட்டது. பூரி நகராமல் நின்று வீட்டுப் பக்கமே பார்த்தது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுச் செல்வி மதில் மேல் தலையை நீட்டினாள்.

"ஜிம்மிய கட்டிப் போட்டீங்களா சார்? தெருவே எழுந்துகிச்சி. அக்கா இருக்கச்சொல்ல ஒரு நாளும் இப்படிக் கத்தலியே."

நான் கொல்லைக்குப் போய் ஜிம்மியை அவிழ்த்துவிட்டேன்.

நீ படுத்திருந்த அறைக்கும் அந்தத் தூணுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒன்பது வருஷம் அந்த நாயை வளர்த்தவள் நீ. கட்டினால் அது என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாதா? ஒவ்வொரு நாள் காலையும் கொல்லை சத்தமில்லாமல் கிடந்ததைக் கேட்டுக்கொண்டேதான் படுத்திருந்தாய். நான் பூரியைத் தனியாகக் கூட்டிப்போகவில்லை, பழக்கவில்லை, பழகப் போவதும் இல்லை என்று தெரிந்துகொண்டேதான் "வந்துச்சா" என்று கேட்டாய். இன்றைக்காவது உண்மையைச் சொல்கிறானா என்று பார்த்தாயா, அல்லது நாளைக்காவது கட்டுவான் என்று காத்திருந்தாயா? கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நீதானே சொன்னாய். நான்தான் வரவில்லை.

உன்னை ஏமாற்றிவிட்டோமே என்று அதுவரை குற்ற உணர்ச்சியில் இருந்தேன். ஏமாற்றியிருந்தால் தேவலையே அக்கா. தம்பி தேறிவிட்டான் என்று நம்பிக்கொண்டாவது போயிருப்பாய். இவன் தனியாக என்ன செய்வான் என்ற கவலையோடுதான் அந்த ஆட்டோவில் ஏறினாய். அந்தக் கவலையை இனி நான் எப்படி இறக்கிவைப்பேன்?

அதற்குப் பிறகு தினமும் கட்டுகிறேன். ஜிம்மியின் சத்தம் இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. செல்வி வீட்டில் பழகிக்கொண்டார்கள். நான் கரையில் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு நிற்பேன். முதல் வாரம் பூரி நாரைகளைத் துரத்தியது, வயலில் இறங்கிச் சேற்றைப் பூசிக்கொண்டது, என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தது. வேலைக்கு நேரமானாலும் நின்றேன். இரண்டு நாள் ஆபீஸில் திட்டு வாங்கினேன்.

நேற்று அது தூரத்தில், கரை திரும்புகிற இடத்தில் எதையோ மோந்துகொண்டிருந்தது. என் சின்னக் குரலில் ஒரு தடவைதான் கூப்பிட்டேன். தலையைத் தூக்கியது. பிறகு ஓடி வந்தது, அக்கா. ஜிம்மி இல்லை, பக்கத்தில் யாருமே இல்லை. உண்மையாகவே வந்தது. ஆனால் இதை நம்பு என்று உன்னிடம் சொல்ல எனக்கு முகமில்லை.