மூன்றாவது ஊசிக்கு முன்

விருத்தாசலம்
18.6.2006

அன்புள்ள மாமாவுக்கு,

பூங்கோதை எழுதுவது. உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. குஜராத் மோர்பியில் டைல்ஸ் கம்பெனிச் சூளை வேலை பழகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே செராமிக் கம்பெனியில் உங்களோடு வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் இப்போது கட்டட வேலைக்குப் போகிறார்கள்.

இதைப் போனில் சொல்ல முடியாது. போன் பூத்துக்காரர் பக்கத்திலேயே நிற்பார். அதனால் கவரில் வைத்து ஒட்டி அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. பெரியாஸ்பத்திரியில் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்று வந்திருக்கிறது. நம் பக்கத்தில் மேகநோய் என்பார்கள். எனக்குப் புண்ணோ வலியோ எதுவும் இல்லை. ஆள் மாறி வந்துவிட்டதோ என்று மறுபடியும் ரத்தம் கொடுத்தேன். அதுவேதான் வந்தது. எய்ட்ஸ் இல்லை. மூன்று மாதம் கழித்து அதையும் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்கள்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. வீட்டுக்காரருக்கு உடம்பில் ஏதாவது இருந்ததா என்று மட்டும் கேட்டார். பொங்கலுக்கு வந்தபோது உங்கள் உள்ளங்கையிலும் பாதத்திலும் செம்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்ததைச் சொன்னேன். டைல்ஸுக்குப் பூசும் கலவை ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் மெடிக்கலில் களிம்பு வாங்கித் தடவினீர்கள். பத்து நாளில் மறைந்தது. தோலில் மறைந்தாலும் ரத்தத்தில் இருக்கும் என்றார் டாக்டரம்மா.

தோல் பிரிவில் அமிர்தம் என்று ஒரு நர்ஸ். அங்கே இருபது வருடமாக இருக்கிறார். என் அழுகை நிற்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "முன்னல்லாம் புண்ணோட நடக்க முடியாம ஆம்பளைங்கதான் வருவாங்கம்மா. இப்ப கடையில மாத்திர வாங்கிப் போட்டு அடக்கிக்கிறாங்க. ஒண்ணுந் தெரியாத பொம்பளைங்களுக்கு மாசமா இருக்கறப்ப ரத்தத்துலதான் தெரியுது. நீ மட்டும் இல்ல" என்றார்.

வாரம் ஒன்றாக மூன்று ஊசி. இரண்டு போட்டாயிற்று. இடுப்பில் போட்டால் இரண்டு நாளைக்கு உட்கார முடியவில்லை. ஐந்தாம் மாதத்திலேயே கண்டுபிடித்ததால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள்.

உங்கள் அம்மாவிடம் சத்து ஊசி என்றுதான் சொல்லியிருந்தேன். இரண்டாவது ஊசியன்று அத்தை என் கையிலிருந்த தோல் பிரிவுச் சீட்டைப் பார்த்துவிட்டு, "நந்தகுமாருக்கு உள்ளங்கையில இருந்துச்சே, அதுவா?" என்று கேட்டார். நான் சீட்டை மடித்து இடுப்பில் செருகினேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். "ஒங்க மாமனாருக்கும் கை இப்படித்தான் பூத்திருந்திச்சு. நந்தகுமாருக்கு முன்னாடி ரெண்டு புள்ள வயித்துலயே செத்துப் பொறந்திச்சு. என் ராசின்னுதான் எல்லாரும் சொன்னாங்க. எனக்கு யாரும் ஊசி போடல" என்றார். உங்களுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ.

மறுநாள் அத்தை கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், சாமியிடம் முறையிட்டுப் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டிவிட்டு வந்தார். யார் பேரில் என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் பெயர் இல்லை, நம்பர்தான். அங்கேயே அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். கூச்சமாக இருந்தால் ஊருக்கு வாருங்கள், நான் கூட வருகிறேன். நீங்கள் ஊசி போடாவிட்டால் எனக்குத் திரும்ப வரும் என்கிறார்கள். கூட வேறு யாரும் இருந்தால் அவருக்கும் சொல்லிவிடுங்கள். அவரும் பிழைக்க வேண்டும்.

யார், எப்போது என்று இதில் நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வந்த பிறகு கேட்பேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு மூன்றாவது ஊசி. அத்தையும் கூட வருகிறார். வயிற்றில் அசைவு நன்றாகத் தெரிகிறது. நீங்கள் ஊசி போட்ட தேதியை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். இப்போதைக்கு வேறொன்றும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
பூங்கோதை